ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பர்மாத் தமிழச்சி, மோல்மேன்காரி. எனக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சி.எம்.எல். தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரங்கூன் பஸ். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. கோயிலில் பார்த்தாலும் சரி, போனில் கூப்பிட்டாலும் சரி, "அக்கா, இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்கள் அதிகம். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் சயாமாவோ சயாவோ (பர்மியத்தில் பெண் டாக்டர், ஆண் டாக்டர்) சொல்ல வேண்டியவை. பேப்பரில் இருப்பது என்ன என்று புரிந்துகொண்டு அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தால் பேச்சு சுலபமாக இருக்கும், அதற்குத்தான் இது.

"த்வே கின்ஸா" (பர்மியத்தில் ரத்தப் புற்றுநோய்) என்று மட்டும் சொன்னார்கள். எந்த வகை என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

நாள்பட்ட வகையில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சி.எம்.எல். இன்னொன்று சி.எல்.எல்., அதாவது லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு பெருகும் வகை. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் மருந்து வேறு, சோதனை வேறு, கவலைப்பட வேண்டிய எண்ணும் வேறு. சி.எம்.எல்.லில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு, பிசிஆர்-ஏபிஎல் என்ற கோளாறான மரபணு உண்டாகிறது. அப்படிக் குட்டையான 22ஆம் குரோமோசோமுக்குத்தான் பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர், 1960இல் கண்டுபிடித்தார்கள். சி.எல்.எல்.லை ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையால் உறுதி செய்வார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு சி.எல்.எல். குறைவு, மேற்கு நாடுகளில்தான் அதிகம். அதனால் மற்றவர்களின் அனுபவத்தைக் கேட்கும் முன் "உங்களுக்கு எம்மா, எல்லா?" என்று கேட்டுவிடுங்கள். ஒருவருடைய எண்ணை இன்னொருவர் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்ததை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

ஒரு ரிப்போர்ட்டில் வெள்ளணு 62 என்று இருக்கிறது, இன்னொன்றில் 62,000. ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதா?

ஏறவில்லை. இரண்டும் ஒரே எண்தான். சில லேபில் ஒரு லிட்டருக்கு "பத்தின் ஒன்பதாம் அடுக்கு" என்ற அளவில் போடுவார்கள், சில லேபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று போடுவார்கள். முதல் வகை எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் இரண்டாவது வகை வந்துவிடும். பெரியவர்களுக்கு வெள்ளணு 4 முதல் 11 வரை, அதாவது 4,000 முதல் 11,000 வரை சாதாரணம். தட்டணு, அதாவது பிளேட்லெட், 150 முதல் 450 வரை. நம் கணக்கில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம். பர்மியரும் லட்சத்துக்குத் "தெய்ன்" என்று தனிச்சொல் வைத்திருப்பதால், நர்ஸ் "ஒரு தெய்ன்தான் இருக்கிறது" என்றால் தட்டணு ஒரு லட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற அளவையும் பாருங்கள். நோட்டில் எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுதுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் எச், எல் என்று போட்டிருக்கிறார்களே?

அதிகம், குறைவு. அவ்வளவுதான். அந்த எழுத்தைப் போடுவது கம்ப்யூட்டர். உங்களுக்கு என்ன நோய் என்று அதற்குத் தெரியாது. மாத்திரை சாப்பிடுகிற எனக்கு வெள்ளணு 3.6 என்பது வருஷக்கணக்கில் வழக்கமான எண், பக்கத்தில் எல் இருக்கத்தான் செய்யும்.

வெள்ளணு 2.4 தான் இருக்கிறது. வெளியே போகலாமா?

மொத்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கிருமியோடு சண்டை போடுகிற நியூட்ரோஃபில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் அது சதவீதமாக இருக்கும். மொத்தத்தை அந்தச் சதவீதத்தால் பெருக்குங்கள். 2.4இல் 60 சதவீதம் என்றால் 1.44. பரவாயில்லை, கவனமாக இருந்தால் போதும். அதே 2.4இல் 30 சதவீதம் என்றால் 0.72. இமாடினிப் என்ற சி.எம்.எல். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் 1க்குக் கீழே போனாலோ, தட்டணு 50,000க்குக் கீழே போனாலோ டாக்டர்கள் பொதுவாக மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்கள். நியூட்ரோஃபில் 1.5க்கும் தட்டணு 75,000க்கும் ஏறிய பிறகு திரும்பத் தொடங்குவார்கள். நியூட்ரோஃபில் 0.5க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஹீமோகுளோபின் 10. முருங்கைக்கீரையும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் ஏறுமா?

சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் ஏறும் என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். நமக்கு ஹீமோகுளோபின் குறைய நோயே காரணமாக இருக்கலாம், மாத்திரை காரணமாக இருக்கலாம், சி.எல்.எல்.காரர்களுக்கு உடம்பே தன் சிவப்பணுவை உடைத்துக்கொள்வதும் நடக்கும் (அதற்குக் கூம்ஸ் என்று ஒரு சோதனை உண்டு). இரும்புச்சத்துக் குறைவு என்று ஃபெரிட்டின் சோதனையில் தெரிந்தால் மட்டும் இரும்பு மாத்திரை. கடையில் நாமாக வாங்கி விழுங்க வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டைக் காணோம், ஆஸ்பத்திரியில் "நீங்கள் புது நோயாளி" என்கிறார்கள். எப்படி இது?

இது நம் ஆட்களுக்கென்றே உள்ள தொல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் நமக்கு ஒரு தமிழ்ப் பெயர், பதிவு அட்டையில் ஒரு பர்மியப் பெயர். பர்மியருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, ஒரே பெயரில் ஒரே நாளில் நாலு பேர் ரத்தம் கொடுத்திருப்பார்கள். போதாததற்கு முன்னொட்டு வேறு. இளம்பெண்ணாக இருந்தபோது "மா", நரை வந்தபின் "டோ". ஆண்களுக்குக் "கோ", அப்புறம் "ஊ". கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

எனக்கு நடந்தது இது. முதல் வருஷம் என் தம்பிதான் கூட வந்தான். கவுண்டரில் கேட்டபோது வாயில் வந்த தமிழ்ப் பெயரைச் சொல்லிவிட்டான், அவர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அடுத்த முறை நான் அட்டையைக் காட்டினேன், பர்மியப் பெயரில் புதிய எண் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து சயாமா கம்ப்யூட்டரைப் பார்த்து, "மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் சோதனையே செய்யவில்லையே, ஏன்?" என்று கேட்டார். செய்திருந்தேன். வேறொருத்தியின் பெயரில் கிடந்தது. பையில் மடித்து வைத்திருந்த பழைய தாளைக் காட்டியதும்தான் நம்பினார். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து, ஆறாம் மாதத்து எண்ணில் (பி.சி.ஆர். சோதனையின் எண், அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) புள்ளி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. 0.9 என்றால் மருந்து நன்றாக வேலை செய்கிறது, 9 என்றால் மருந்தையே மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும். இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம்.

அன்றிலிருந்து எல்லா இடத்திலும் அட்டையில் உள்ள பெயர் மட்டும்தான். அட்டை எண்ணையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து எழுதச் சொல்வேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பெயர், வயது, ரத்தம் எடுத்த தேதி மூன்றையும் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுவேன். பில் தேதியும் ரத்தம் எடுத்த தேதியும் வேறாக இருக்கலாம், நமக்கு வேண்டியது ரத்தம் எடுத்த தேதி.

பி.சி.ஆர். என்பது நோயின் பெயரா, சோதனையின் பெயரா?

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே வந்து தொலைக்கிறது. மரபணுவின் பெயர் பிசிஆர்-ஏபிஎல். அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற முறைக்கும் பி.சி.ஆர். என்றுதான் பெயர், கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே முறை. நான் மரபணுவை முழுப்பெயரிலும் சோதனையைப் "பி.சி.ஆர். சோதனை" என்றும் சொல்கிறேன்.

சி.எம்.எல்.காரர்களுக்கு இதுதான் தலையாய எண். வெள்ளணு எண்ணிக்கை முதல் சில மாதங்களிலேயே சாதாரணமாகிவிடும். அதற்குப் பிறகு நோய் எவ்வளவு மிச்சம் என்று அதனால் சொல்ல முடியாது, பி.சி.ஆர். சோதனைதான் சொல்லும். முடிவு சதவீதமாக வரும். பக்கத்தில் "ஐ.எஸ்." என்று இருக்க வேண்டும், உலகம் முழுக்க லேபுகள் ஒத்துக்கொண்ட பொது அளவுகோல் அது. ஐ.எஸ். இல்லாத ரிப்போர்ட்டை ஐ.எஸ். உள்ள ரிப்போர்ட்டோடு ஒப்பிடக் கூடாது. ஒருமுறை பேங்காக்கில், அடுத்த முறை ரங்கூனில் என்று மாற்றி மாற்றி எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

மருந்து தொடங்கி மூன்றாம் மாதத்தில் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, ஆறாம் மாதத்தில் 1 அல்லது அதற்குக் கீழே, ஒரு வருஷத்தில் 0.1 அல்லது அதற்குக் கீழே. டாக்டர்கள் எதிர்பார்ப்பது இது. எனக்கு 8.4, 0.9 (புள்ளி இருந்தது!), 0.11 என்று இறங்கியது. கடைசி எண் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே. சயாமா மருந்தை மாற்றவில்லை, மூன்று மாதம் பொறுத்தார், 0.06 ஆனது. கோட்டைத் தாண்டவில்லை என்பதற்காக அன்றைக்கே அழ வேண்டியதில்லை. இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

0.06 இருந்தது 0.09 ஆகிவிட்டது. ஒன்றரை மடங்கு!

ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு தடவை சோதித்தாலே இவ்வளவு வித்தியாசம் வரலாம். சமையலறைத் தராசில் குங்குமப்பூ நிறுப்பது போன்ற வேலை இது. 0.1க்குக் கீழேயே ஆடிக்கொண்டிருந்தால் அடுத்த சோதனை வரை நிம்மதியாகத் தூங்குங்கள்.

எனக்கு 0.06இலிருந்து 0.4 ஆகிவிட்டது. இதுவும் ஆட்டம்தானா?

இல்லை. பல மடங்கு ஏறி 0.1ஐயும் தாண்டினால் கேட்டே ஆக வேண்டும். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, "மாத்திரையை விட்டீர்களா?" உண்மையைச் சொல்லுங்கள். எனக்கும் ஒருமுறை இதே 0.4 வந்தது. மழைக்காலத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தேன், மாத்திரை தீர்ந்துபோய் ஏறக்குறைய ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. சயாமாவிடம் "ஒருநாள் இரண்டுநாள் விட்டிருப்பேன்" என்று மழுப்பினேன். அவர் மருந்து மாற்றும் காகிதத்தை எடுத்துவிட்டார். அப்போதுதான் உள்ளதைச் சொன்னேன். திட்டவில்லை, காகிதத்தை உள்ளே வைத்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டு வரச் சொன்னார். மூன்று மாதத்தில் 0.08க்கு இறங்கியது. பொய்யை நம்பி மாற்றியிருந்தால் நல்ல மருந்து ஒன்றை வீணாக இழந்திருப்பேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் ஏறினால், மரபணுவில் புதிய மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. அதில் டி315ஐ என்று வந்தால் இமாடினிப், நிலோடினிப், டசாடினிப் எதுவும் எடுபடாது, பொனாடினிப் போன்ற வேறு மருந்து வேண்டும்.

"கண்டறியப்படவில்லை" என்று வந்துவிட்டது. குணமாகிவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா?

அந்தக் குழாயில், அந்த மெஷினுக்குத் தென்படவில்லை என்று அர்த்தம். மெஷின் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தது என்பதைக் கட்டுப்பாட்டு மரபணுவின் (ஒப்பிடுவதற்காகக் கூடவே அளக்கிற சாதாரண மரபணு) எண்ணிக்கையாக ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். அது 10,000க்குக் குறைவாக இருந்தால் அந்த "படவில்லை"யை நம்பிக் கொண்டாட வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது உலகில் நடக்கிறது, உண்மைதான். ஆனால் இமாடினிப் என்றால் குறைந்தது ஐந்து வருஷமாவது சாப்பிட்டிருக்க வேண்டும், அதில் இரண்டு வருஷத்துக்கு மேல் 0.01 அல்லது அதற்குக் கீழேயே நின்றிருக்க வேண்டும். நிறுத்திய பிறகு முதல் ஆறு மாதம் மாதாமாதம் பி.சி.ஆர். சோதனை. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே. உடனே மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலோருக்குத் திரும்ப அடங்கிவிடும், ஆனால் ஏறியது உடனே தெரிய வேண்டுமே. மாதாமாதம் சோதனை எடுக்க வசதியில்லாத ஊரில் இருந்துகொண்டு நிறுத்துவதை என்னால் நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. நான் நிறுத்தவில்லை.

அப்பாவுக்கு சி.எல்.எல். வெள்ளணு 80,000. டாக்டர் மருந்தே தரவில்லை, கைவிட்டுவிட்டாரா?

கைவிடவில்லை. சி.எல்.எல்.லில் எண் பெரிதாக இருப்பதற்காக மட்டும் மருந்து தொடங்குவதில்லை. ஹீமோகுளோபினும் தட்டணுவும் இறங்குகின்றனவா, நெறிக்கட்டியும் மண்ணீரலும் பெரிதாகின்றனவா, எடை குறைகிறதா, ராத்திரி உடுப்பு நனைய வியர்க்கிறதா, லிம்ஃபோசைட் ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இவை இல்லாவிட்டால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் சரியான சிகிச்சை. சீக்கிரம் தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்குத்தான் இது பொறுக்காது.

அப்பாவின் ரிப்போர்ட்டில் "ஐ.ஜி.எச்.வி. மாற்றமடைந்தது" என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது ஒரு மரபணுவின் பெயர். மாற்றம் என்றாலே கெட்டது என்று நினைப்போம், இங்கே நேர்மாறு, மாற்றமடைந்த வகைதான் மெதுவாகப் போகும். 17ஆம் குரோமோசோமில் துண்டு காணோம் என்றோ டிபி53 என்ற மரபணுவில் கோளாறு என்றோ இருந்தால்தான் மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம், இப்ருடினிப் போன்ற மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் லிம்ஃபோசைட் கிடுகிடுவென ஏறும். நெறிக்கட்டியில் ஒளிந்திருந்தவை ரத்தத்துக்கு வருகின்றன. கட்டி சுருங்கிக்கொண்டே வந்தால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

பொட்டாசியம் 6.8, உயிருக்கே ஆபத்து என்றார்கள். ஆளோ நன்றாக உட்கார்ந்து மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடுகிறார்!

முதலில் ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்துவிட்டு ரத்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள், அலட்சியம் வேண்டாம். ஆனால் வெள்ளணு லட்சக்கணக்கில் இருக்கும்போது அவை குழாய்க்குள்ளேயே உடைந்து பொட்டாசியத்தைக் கொட்டிவிடும். உடம்பில் சரியாக இருக்கும், குழாயில்தான் அதிகம். அதேபோல அந்தப் பெருங்கூட்டம் குழாயில் இருக்கிற சர்க்கரையைத் தின்று, சர்க்கரை குறைவு என்று காட்டும். தட்டணு குழாயில் ஒட்டிக்கொண்டு குறைவாகத் தெரிவதும் உண்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

மழைக்காலத்தில் காய்ச்சல், தட்டணு 60,000. நோய் முற்றிவிட்டதா?

நம் ஊரில் ஜூன் முதல் அக்டோபர் வரை எனக்கு முதல் சந்தேகம் டெங்குதான். டெங்கு வெள்ளணுவையும் தட்டணுவையும் சேர்த்தே இறக்கும். டெங்கு சோதனை எடுங்கள், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது. புற்றுநோய் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போனில் கேளுங்கள். காய்ச்சல் பார்க்கிற டாக்டரிடம் "எனக்கு சி.எம்.எல்." என்று சொல்ல மறக்காதீர்கள், மறைக்கவும் மறைக்காதீர்கள்.

கேன்சருக்கு வந்தால் ஹெபடைடிஸ் பி சோதனை எதற்கு?

பர்மாவில் அந்தக் கிருமி பலருக்கு உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நம் மருந்துகள், முக்கியமாக சி.எல்.எல்.லுக்குத் தருகிற ரிடுக்ஸிமாப், அதை எழுப்பிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது.

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

ரத்த எண்ணிக்கைக்கும் பி.சி.ஆர். சோதனைக்கும் வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதாக இருந்தால் வேண்டும், நிலோடினிப்காரர்களுக்கு அவற்றை அடிக்கடி பார்ப்பார்கள். இமாடினிப்பை சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். நிலோடினிப்பை வெறும் வயிற்றில். இதை மாற்றிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்ளிமாஸ் பழம் இங்கே மலிவு, எனக்கும் ஆசை. ஆனால் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டை இந்த மாத்திரைகளோடு சாப்பிடக் கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும் அதே சரக்கு பம்ளிமாஸிலும் உண்டு, விட்டுவிட்டேன். ஈரல் எண்கள் காரணமில்லாமல் ஏறினால் மருந்தோடு கூட நாட்டு மருந்துப் பொடி ஏதாவது போகிறதா என்றும் யோசியுங்கள்.

மோல்மேனிலிருந்து ரத்தக் குழாயை பஸ்ஸில் ரங்கூனுக்கு அனுப்பலாமா?

சாதாரண ரத்த எண்ணிக்கையை உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். பி.சி.ஆர். சோதனைக்கு ஊதா மூடிக் குழாய். அதில் தேடுகிற ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் ஒரு நாளைக்குள் லேபுக்குப் போய்ச் சேருவது நல்லது. ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைத்தால் ரத்தம் உறைந்து வீணாகும். சிதைந்த குழாயில் நோய் "குறைந்ததுபோல்" காட்டினால் அது இன்னும் மோசம். நான் ராத்திரி பஸ்ஸில் நானே போய், காலையில் கையை நீட்டிவிட்டு வருகிறேன். திங்கள் அல்லது செவ்வாய் காலை போவேன், வெள்ளிக்கிழமை கொடுத்தால் குழாய் சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் நடுவில் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானும் நம் சித்திரை வருஷப்பிறப்பும் சேர்ந்து வருகிற வாரத்தில் போகவே போகாதீர்கள். எல்லாம் மூடிக் கிடக்கும், பஸ்ஸை விட்டு இறங்கினால் தண்ணீரை ஊற்றுவார்கள், பையில் இருக்கிற பழைய ரிப்போர்ட் நனைந்துபோகும்.